மருந்துப் புட்டி மட்டும் போதாது. ஆட்டுக்குத் தழையும் வேண்டும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து புல் தளிர்க்கும் மார்கழியும் தையும் ஆடு வளர்ப்போருக்கு நல்ல காலமாக இருக்க வேண்டும். ஆனால், செம்மறி ஆடுகள் வயிற்றுப் புழுக்களால் மெலிந்து சாவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். வழக்கமாக ஊற்றும் புழு மருந்து பல இடங்களில் முன்புபோல் வேலை செய்வதில்லை. மருந்தின் வலிமை முற்றிலும் தீர்ந்துபோவதற்குள், ஆட்டின் தீவனத்தையே புழுவுக்கு எதிரான காவலாக மாற்றியாக வேண்டும். துவர்ப்புச் சத்து நிறைந்த பயறு வகைத் தழைகள் அதற்கு உதவும்.

திருவொற்றியூர் என்றதும் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளும் மணலியின் புகைபோக்கிகளும்தான் நினைவுக்கு வரும். அதே திருவொற்றியூரின் எர்ணாவூரிலும், அருகிலுள்ள சடையங்குப்பத்திலும், மணலியைத் தாண்டி எடையஞ்சாவடி, வல்லூர், மீஞ்சூர், பொன்னேரி வரையிலும் ஆடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும், மகளின் சீருக்கும், மருத்துவமனைச் செலவுக்கும் அவர்கள் நம்பியிருக்கும் சேமிப்பு அந்த நான்கைந்து ஆடுகள்தான்.

2019ஆம் ஆண்டின் 20வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 லட்சம் செம்மறி ஆடுகள் உள்ளன. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு உரிய இனம் மெட்ராஸ் சிவப்பு. கம்பளி இல்லாத, இறைச்சிக்காக வளர்க்கப்படும் செம்மறி அது. நன்கு வளர்ந்த பெட்டை ஆடே சராசரியாக 23 கிலோதான் இருக்கும். இவ்வளவு சிறிய உடலில் ஆயிரம் புழுக்கள் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதிலிருந்து பிரச்சினையைப் பார்க்கலாம்.

ரத்தம் குடிக்கும் புழு

செம்மறி ஆட்டைத் தாக்கும் புழுக்களில் மிகக் கொடியது ஹீமாங்கஸ் கன்டார்டஸ். குடற்புழு என்று பொதுவாகச் சொன்னாலும், இது தங்கும் இடம் ஆட்டின் நான்காவது இரைப்பை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமே இருக்கும். பெண் புழுவின் உடலுக்குள் ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலை வெள்ளைக் கருப்பை முறுக்கிச் சுற்றியிருப்பதால், வெளியிலிருந்து பார்த்தால் சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாகத் தெரியும்.

ஒரு புழு ஒரு நாளில் ஏறக்குறைய 0.05 மில்லி ரத்தத்தை வீணாக்குகிறது. ஆயிரம் புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 50 மில்லி. 23 கிலோ ஆட்டின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டர் அளவுதான். இழந்த ரத்தத்தை ஈடுகட்ட உடல் போராடும். தீவனமும் போதாமல் போனால் சில வாரங்களில் ஆடு சாய்ந்துவிடும்.

இந்த நோயை வளர்ப்போர் தவறவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. புழு என்றால் கழிச்சல் இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஹீமாங்கஸ் மட்டும் தாக்கிய ஆட்டுக்குப் பெரும்பாலும் கழிச்சல் இருக்காது. புழுக்கை கெட்டியாகவே விழும். ஆடு மந்தையின் கடைசியில் தள்ளாடி வரும். வெயிலில் படுத்துவிடும்.

அடுத்து, கீழ்த்தாடையில் நீர் கோத்துக்கொள்ளும். ஆடு தலையைத் தாழ்த்தி மேய்வதால், பகல் முழுக்க நீர் இறங்கி மாலையில் தாடை பை போலத் தொங்கும். இரவில் தலை உயர்ந்திருப்பதால் காலைக்குள் வீக்கம் வற்றிவிடும். காலையில் மட்டும் ஆட்டைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவர் கண்ணில் இது படவே படாது. மாலையில் பட்டிக்குத் திரும்பும் ஆட்டின் தாடையைக் கட்டாயம் தடவிப் பார்க்க வேண்டும்.

புல்லில் இருந்து வாய்க்கு

ஒரு பெண் புழு ஒரே நாளில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டைகள் வரை இடும். அவை புழுக்கையோடு நிலத்தில் விழுகின்றன. ஈரமும் வெப்பமும் சேர்ந்து கிடைத்தால், ஒரு வாரத்தில் முட்டை பொரிந்து நோய் பரப்பும் இளம்புழுவாகிவிடும். பனித்துளியும் மழைநீரும் படிந்த புல்லின் மேல் அது ஏறி நிற்கும். புல்லோடு அதையும் ஆடு விழுங்கும். ஏறக்குறைய மூன்று வாரங்களில் அது முதிர்ந்து, மீண்டும் முட்டையிடத் தொடங்கும்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்க்கும் மழைக்குப் பின் கொசஸ்தலை ஆற்றங்கரையும், பக்கிங்காம் கால்வாய் ஓரமும், ஏரி உள்வாய்களும் இந்த இளம்புழுக்களுக்கு ஏற்ற இடங்களாகிவிடுகின்றன. தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகப் பெருக மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. மிஞ்சிய இடத்திலேயே எல்லா மந்தைகளும் தினமும் மேய்கின்றன. நேற்று ஆடு புழுக்கை போட்ட அதே இடத்தில்தான் இன்றும் புல் கடிக்கிறது.

இளம்புழுக்களில் பெரும்பகுதி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே இருக்கும். அடிப்புல்லை ஒட்டக் கடித்து மேயும் செம்மறிக்கு அதனால்தான் ஆபத்து அதிகம். தலைக்கு மேலே இருக்கும் தழையைத் தின்னும்போது இந்த ஆபத்து இல்லை. தழைத் தீவனத்தின் முதல் நன்மை இந்த உயரம்தான். இரண்டாவது நன்மை தழைக்குள்ளேயே இருக்கிறது.

மருந்து ஏன் தோற்கிறது?

மருந்துக்குப் புழு பழகிப்போவது புதிய செய்தி இல்லை. 1957லேயே அமெரிக்காவில் பீனோதயசின் மருந்துக்கு ஆட்டுப் புழுக்கள் அடங்காதது பதிவானது. 1961இல் தயபெண்டசோல் வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1964இல், அதற்கும் எதிர்ப்பு தோன்றிவிட்டது. பிறகு லெவாமிசோல், அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் ஆகியவை வந்தன. 1981இல் ஐவர்மெக்டின் வந்தது. அதைக் கண்டறிந்த வில்லியம் கேம்பலுக்கும் சதோஷி ஓமுராவுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆட்டுப் புழுக்கள் அதையும் எதிர்க்கக் கற்றுக்கொண்டன.

தென்னாப்பிரிக்காவில் எந்த மருந்துக்கும் புழு அடங்காமல் செம்மறி வளர்ப்பையே கைவிட்ட பண்ணைகள் உண்டு. நம் தமிழ்நாட்டிலும் செம்மறிப் பண்ணைகளில் ஃபென்பெண்டசோல் போன்ற மருந்துகளுக்கும் வேறு வகை மருந்துகளுக்கும் புழுக்கள் எதிர்ப்புக் காட்டுவதைக் கால்நடை ஆராய்ச்சியாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

எதிர்ப்பு வளர்வதற்கு நம் பழக்கங்களும் காரணம். ஆட்டின் எடையைக் கண்ணால் மட்டிட்டு மருந்து ஊற்றுகிறோம். எடையைக் குறைத்து மதிப்பிட்டால் மருந்தும் குறைகிறது. குறைந்த மருந்தில் பலவீனமான புழு சாகும். வலுவானது பிழைத்து, தன்னைப் போன்றவற்றையே பெருக்கும். ஒரே மருந்தைக் கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கில் ஊற்றுவதும், நோய் இருக்கும் ஆடு, இல்லாத ஆடு என்று பாராமல் மந்தை முழுவதற்கும் ஊற்றுவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இறைச்சி உண்போருக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஒவ்வொரு புழு மருந்துக்கும், ஊற்றிய பிறகு எத்தனை நாட்கள் கழித்து ஆட்டை அறுக்கலாம் என்ற கணக்கு உண்டு. மருந்து பலிக்காதபோது திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டியதாகிறது. சந்தைக்கு அனுப்பும் அவசரத்தில் அந்த இடைவெளி கைவிடப்படுகிறது. மருந்தின் எச்சம் நம் தட்டுக்கு வருகிறது.

துவர்ப்புக்குள் இருக்கும் காவல்

நெல்லிக்காயிலும் கடுக்காயிலும் வாழைப்பூவிலும் நாம் உணரும் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற பொருள். தோல் பதனிடக் கருவேலம்பட்டையைப் பயன்படுத்தியதும் இதற்காகவே. டானின் புரதத்தோடு இறுகப் பிணைந்துகொள்ளும். ஆட்டின் வயிற்றில் இந்தக் குணம் இரண்டு விதமாகப் பயன்படுகிறது.

முதலாவது, நேரடியானது. டானின் நிறைந்த தழையை ஆடு தின்னும்போது, வயிற்றுக்குள் வந்த இளம்புழு தன் மேலுறையைக் கழற்றி வளர்வது தடைபடுகிறது. முதிர்ந்த பெண் புழு இடும் முட்டைகளும் குறைகின்றன. இதனால் மேய்ச்சல் நிலத்தில் விழும் முட்டைகள் குறைந்து, அடுத்த சுற்றில் ஆடு விழுங்கும் புழுவும் குறைகிறது.

இரண்டாவது, சத்தின் வழியாக வருவது. ஆடு தின்னும் புரதத்தில் பெரும்பகுதியை முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். டானின் பிணைந்த புரதம் அங்கே சிதையாமல் தப்பும். அமிலம் மிகுந்த நான்காவது இரைப்பைக்கு வந்ததும் பிணைப்பு விடுபட்டு, அந்தப் புரதம் குடலில் செரித்து உடலில் சேரும். ரத்தம் ஊறவும், புழுவை எதிர்க்கும் ஆற்றல் வளரவும் இந்தப் புரதம் வேண்டும்.

உலகின் பல பகுதிகளில் இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. நியூசிலாந்தில் சல்லா, லோட்டஸ் வகைப் பயறுத் தீவனங்களை மேய்ந்த செம்மறிகளை ஆராய்ந்தார்கள். பிரான்ஸில் செயின்ஃபாயின் என்ற தீவனப் பயிரையும், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் செரீசியா லெஸ்பிடிசா என்ற பயிரையும் ஆராய்ந்தார்கள். பல சோதனைகளில் புழுக்கையில் காணப்படும் முட்டை எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. செரீசியாவைக் காயவைத்து உலர்தீவனமாகவும் குருணையாகவும் கொடுத்தபோதும் பலன் கிடைத்தது. தழையைக் காயவைத்து மழைக்காலத்துக்குச் சேமிக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

இந்தியாவில் பரேலி அருகே இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், ஹீமாங்கஸ் தொற்றிய செம்மறிகளுக்கு டானின் நிறைந்த மர இலைகளின் தூளைக் கலந்து கொடுத்துப் பார்த்தது. அளவாகக் கொடுத்தபோது புழுச் சுமை குறைந்தது, நோய் எதிர்ப்பும் மேம்பட்டது. அந்த நிறுவனம் ஆராய்ந்த இலைகளில் கொய்யாவும் ஆல, அத்தி இன மரங்களும் உண்டு. இவையெல்லாம் நம் வீட்டுக் கொல்லையிலும் தெருவிலும் நிற்பவை.

நம் மண்ணில் இருப்பவை

அமெரிக்க லெஸ்பிடிசாவைத் தேடி நாம் போக வேண்டியதில்லை. திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் கொறங்காடு என்ற மேய்ச்சல் முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. கிளுவை முள்வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல மரங்களும் நிற்கும். காங்கேயம் மாடுகளும் மேச்சேரிச் செம்மறிகளும் அங்கே மேய்கின்றன. மரத்திலிருந்து உதிரும் வெள்வேல நெற்றுகளை ஆடுகள் ஓடிப் பொறுக்கித் தின்னும். மரம், புல், ஆடு மூன்றையும் ஒரே வேலிக்குள் வைத்த அந்த ஏற்பாட்டில், துவர்ப்பு நெற்று ஆட்டின் உணவில் இயல்பாகவே சேர்ந்துவிடுகிறது.

வடசென்னைக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஏற்ற தாவரங்களும் உண்டு. வேலிமசால் அவற்றில் முதன்மையானது. பயறு வகையைச் சேர்ந்தது. புரதம் ஏறக்குறைய 20 சதவீதம் இருக்கும். டானினும் உண்டு. ஒருமுறை விதைத்துவிட்டால் பல ஆண்டுகள் அறுக்கலாம். விதைத்த மூன்று மாதத்தில் முதல் அறுவடை, பிறகு ஏறக்குறைய 40 நாட்களுக்கு ஒருமுறை. இதன் விதையுறை கடினமானது. கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு 80 டிகிரி சூட்டில் ஐந்து நிமிடம் வைத்து, பிறகு குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து விதைத்தால் சீராக முளைக்கும்.

கொடுக்காப்புளியும் நாட்டுக் கருவேலமும் கடற்கரையோரத்தின் உவர் மண்ணைத் தாங்கும். சவுண்டல் என்று நாம் அழைக்கும் சூபாபுல் விரைவாகத் தழைக்கும். அகத்தியும் கிளிரிசிடியாவும் புரதத்துக்குக் கைகொடுக்கும். தூங்குமூஞ்சி மரத்தின் நெற்றுகளை ஆடுகள் விரும்பித் தின்னும்.

சீமைக்கருவேலத்தை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் நெற்றில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைச் சத்து. நாட்டுக் கருவேல நெற்றின் துவர்ப்பு அதில் கிடையாது. புழுவுக்கு எதிராக அதை நம்புவதில் பயனில்லை.

அளவு மீறினால் கேடு

டானின், உணவில் உப்பைப் போன்றது. அளவாக இருந்தால்தான் பயன். தீவனத்தின் உலர் எடையில் 2 முதல் 4 சதவீதம் வரை நன்மை செய்யும் என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. ஐந்தைத் தாண்டினால் ஆடு தீனி எடுப்பது குறையும், செரிமானம் கெடும், எடையும் இறங்கும். மிகையானால் குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவையும் பாதிக்கப்படும்.

எனவே, பசுந்தீவனத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தழையாக இருந்தால் போதும். மீதி புல்லாகவும் வைக்கோலாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். கருவேல நெற்றை இடித்து, கைப்பிடி அளவில் தொடங்கி, ஆடு ஏற்றுக்கொள்வதைப் பார்த்துக் கூட்டலாம். அதையே முழுத் தீவனமாக்கக் கூடாது. சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சுப் பொருள் உண்டு. நீண்ட நாள் அதிகமாகக் கொடுத்தால் முடி கொட்டும், கழுத்துச் சுரப்பி வீங்கும். மற்ற தழையோடு கலந்தே கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. தழையை நிறுத்தினால் சில நாட்களில் முட்டை எண்ணிக்கை மீண்டும் ஏறும். ஒரு நாள் விருந்தாகக் கொடுத்துப் பயனில்லை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து தை முடியும் வரை தொடர்ந்து கொடுக்க வேண்டும். குட்டி ஈனும் நாட்களை ஒட்டித் தாய் ஆட்டின் எதிர்ப்பாற்றல் குறைந்து, அது போடும் புழுக்கையில் முட்டைகள் பெருகும். அந்த முட்டையிலிருந்து வரும் புழுதான் இளங்குட்டியைத் தாக்குகிறது. சினை ஆட்டுக்கும் ஈன்ற ஆட்டுக்கும் தழையில் முன்னுரிமை தர வேண்டும்.

நோய் முற்றி, தாடை வீங்கி, எழ முடியாமல் கிடக்கும் ஆட்டைத் தழை காப்பாற்றாது. அதற்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும். நீர் தேங்கிய நிலத்தில் நத்தைகள் மூலம் பரவும் ஈரல்புழுவுக்கும் தழையை நம்பியிருக்க முடியாது. மருந்து தேவைப்படும் ஆடுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் தழையின் வேலை. எத்தனைக்கெத்தனை குறைவாக மருந்து ஊற்றுகிறோமோ, அத்தனைக்கத்தனை நீண்ட காலம் அந்த மருந்து பலிக்கும்.

எந்த ஆட்டுக்கு மருந்து?

இதை முடிவுசெய்யச் செலவே இல்லாத வழியைத் தென்னாப்பிரிக்கா உலகுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆட்டின் கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்லத் தாழ்த்தி, உள்பக்க நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நல்ல சிவப்பாக இருந்தால் ரத்தம் போதிய அளவு இருக்கிறது. வெளிறி இருந்தால் சோகை. ஐந்து நிறங்கள் அச்சிட்ட ஓர் அட்டையோடு இதை ஒப்பிடுகிறார்கள். ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரையொட்டி இதற்கு ஃபமாச்சா அட்டை என்று பெயர்.

முதல் இரண்டு நிறங்களுக்கு மருந்து வேண்டியதில்லை. கடைசி இரண்டு நிறங்களுக்கு உடனே மருந்து வேண்டும். நடுவில் இருப்பதை, குட்டியா, சினை ஆடா, மெலிந்ததா என்று பார்த்து முடிவுசெய்யலாம். பொதுவாக ஒரு மந்தையின் பெரும்பாலான புழுக்கள் ஐந்தில் ஓர் ஆட்டிலோ மூன்றில் ஓர் ஆட்டிலோதான் குவிந்திருக்கும். அவற்றைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் போதும். மற்ற ஆடுகளில் மருந்தைச் சந்திக்காத புழுக்கள் கொஞ்சம் மிஞ்சுவதும் நல்லதே. எதிர்ப்புப் பெற்ற புழுக்கள் மட்டுமே பெருகிவிடாமல் அவை தடுக்கும்.

இமையைப் பார்த்து மருந்து, தழையைக் கொடுத்துத் தடுப்பு: இவை இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன்.

அரசும் வளர்ப்போரும் செய்ய வேண்டியவை

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. மேய்ச்சல் நிலம் மிக வேகமாகச் சுருங்கிவரும் வடசென்னையில் தழைத் தீவனப் பணியைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். மாதவரம் பால்பண்ணைப் பகுதியில்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காட்டுப்பாக்கத்தில் மெட்ராஸ் சிவப்பு இனத்தின் மீதான ஆய்வுகள் நடக்கின்றன. அறிவு அருகிலேயே இருக்கிறது. அது எர்ணாவூர் ஆட்டுப் பட்டி வரைக்கும் வந்து சேர வேண்டும்.

முதலாவதாக, ஏழைப் பெண்களுக்கு அரசு ஆடு வழங்கும்போது, கூடவே வேலிமசால் விதையும், அகத்தி, கொடுக்காப்புளி நாற்றுகளும், வளர்ப்பு முறையை விளக்கும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பும் கொடுக்க வேண்டும். 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம் பல லட்சம் குடும்பங்களுக்கு ஆட்டைக் கொண்டுசேர்த்தது. நிலமில்லாத குடும்பத்துக்கு ஆட்டைக் கொடுத்துவிட்டுத் தீவனத்தை அவர்களே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டால், ஆடு கடைசியில் புழு நிறைந்த ஈரப் புல்லைத்தான் மேயும்.

இரண்டாவதாக, கால்நடைப் பல்கலைக்கழகம் திருவள்ளூர் மாவட்டத்தில் கிடைக்கும் தழைகளையும் நெற்றுகளையும் பரிசோதித்து, எதில் எவ்வளவு டானின், எந்த மாதத்தில் எவ்வளவு கொடுக்கலாம் என்று பட்டியல் வெளியிட வேண்டும். ஆய்விதழ்களோடு நிற்காமல், வளர்ப்போரின் சொந்த மந்தைகளிலேயே ஒரு மழைக்காலம் முழுக்கச் சோதித்துக் காட்ட வேண்டும். கண்ணால் பார்த்த பலனைத்தான் வளர்ப்போர் நம்புவார்கள்.

மூன்றாவதாக, மாநகராட்சி வெட்டும் மரக்கிளைகளைப் பயன்படுத்த வேண்டும். புயலுக்கு முன்பும் மின்கம்பிக்காகவும் கழிக்கப்படும் கிளைகள் குப்பையாகின்றன. அவற்றில் தூங்குமூஞ்சி, கொடுக்காப்புளி, ஆல், அரசு போன்ற தீவனத் தழைகளைப் பிரித்து, திருவொற்றியூர், மணலி, மாதவரம் மண்டலங்களில் குறித்த இடத்தில் வைத்தால் ஆடு வளர்ப்போர் எடுத்துச் செல்வார்கள். அரளி, ஆமணக்கு போன்ற நச்சுத் தழைகள் கலக்காமல் இருக்கப் பணியாளர்களுக்குச் சிறு பயிற்சி போதும். 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த திருவொற்றியூரில் ஆடு வளர்ப்பது நகரத்தின் தொழில்களில் ஒன்றாகவே கருதப்பட வேண்டும்.

நான்காவதாக, தழை எங்கே வெட்டப்படுகிறது என்பதில் கவனம் வேண்டும். எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களிலும், எண்ணெய்க் கழிவு கலந்த கால்வாய் ஓரங்களிலும் வெட்டிய தழையைக் கொடுக்கக் கூடாது. பள்ளி வளாகம், ஏரிக்கரை, கோயில் நிலம், புறம்போக்கு ஆகியவற்றில் மண்ணைப் பரிசோதித்த பிறகே பொதுத் தீவனத் தோட்டம் அமைக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் அதன் பராமரிப்பை ஒப்படைக்கலாம்.

ஐந்தாவதாக, ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் புழுக்கைப் பரிசோதனை எளிதாகக் கிடைக்க வேண்டும். மருந்து ஊற்றும் அன்றும், பத்து முதல் பதினான்கு நாட்கள் கழித்தும் முட்டைகளை எண்ணிப் பார்த்தால், அந்த மந்தையில் அந்த மருந்து பலிக்கிறதா என்று தெரிந்துவிடும். இமை நிற அட்டையைத் தமிழில் அச்சிட்டுப் பரப்ப வேண்டும். மந்தை முழுவதற்கும் மருந்து ஊற்றிய எண்ணிக்கையை மட்டுமே முகாமின் வெற்றியாகக் காட்டும் வழக்கம் மாற வேண்டும்.

வளர்ப்போர் இன்றே தொடங்கக்கூடியவையும் உண்டு. பனி காய்ந்த பிறகு ஆட்டை மேய விடுங்கள். காலையில் பட்டியைத் திறப்பதற்கு முன், தழைக்கட்டை ஆட்டின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் புழுக்கை பட்டு வீணாகும். முடிந்தால் மேய்ச்சல் இடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் ஓய்வு கொடுங்கள். நம்மைப் போன்ற வெப்பமான ஊர்களில் அதற்குள் பெரும்பாலான இளம்புழுக்கள் செத்துவிடும். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை இமையைப் பாருங்கள். எடை போட்டு, மருத்துவர் சொன்ன அளவில், தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் மருந்து ஊற்றுங்கள்.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்போ பெருந்தொகையோ தேவையில்லை. அடுத்த பருவமழை தொடங்க மூன்று மாதங்களுக்கு முன், ஆடியில் வேலிமசால் விதைத்தால் ஐப்பசி மழையின்போது முதல் அறுவடை கைக்கு வரும். கால்நடைப் பராமரிப்புத் துறையும் பல்கலைக்கழகமும் மாநகராட்சியும் அதற்குள் கூடிப் பேசி, திருவொற்றியூர் முதல் பொன்னேரி வரை ஒரு முன்னோடித் திட்டத்தை அறிவிக்க வேண்டும். மருந்துகள் இன்னும் ஓரளவு பலிக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். அவை முழுவதுமாகக் கைவிட்ட பிறகு தொடங்கினால், இழப்பு முழுவதும் நான்கைந்து ஆடுகளை நம்பி வாழும் அந்தக் குடும்பங்களின் தலையில்தான் விழும்.